கலிங்கு தாண்டிய நீர்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களைச் சேர்த்துப் பார்த்தால் வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். நடுவில் கிடக்கும் மேட்டு நிலத்துக்கு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. பச்சைமலையில் பெய்யும் மழை மருதையாறாகவும் சின்னாறாகவும் கொஞ்ச நாள் ஓடும், பிறகு மணல்தான். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டுவதைத் தேக்கி வைத்தால்தான் தையில் நெல் வீடு வந்து சேரும் என்பதால் ஊர்தோறும் ஏரி எழுந்தது. ஏரியைக் கட்டிய மன்னர்களைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு, நிரம்பிய ஏரியிலிருந்து நீரை வெளியேற்றியவர்களைப் பற்றி எழுதப்படவில்லை. மண்கரையின் தலைக்கு மேல் நீர் வழியத் தொடங்கினால் சில மணி நேரத்தில் கரை இருக்காது. ஆகவே கரை எழுப்புவதற்கு இணையான வேலையாக நீரை இறக்கும் வேலையும் இருந்தது.

அதற்கு இரண்டு வாயில்கள். வயலுக்குப் போகும் நீருக்குத் தூம்பு. மிகுந்த நீருக்குக் கலிங்கு.

பழைய தூம்புகளில் நுட்பமானது குமிழித்தூம்பு. திருச்சி, புதுக்கோட்டை வட்டாரங்களில் கல்வெட்டோடு நிற்பவை பல. கரையிலிருந்து சற்றுத் தள்ளி, ஏரிக்குள்ளேயே இரண்டு கல்தூண்கள் நிற்கும். அவற்றைக் குறுக்குக் கற்கள் இணைக்கும். தூண்களின் அடியில் கல்லால் ஆன தொட்டி. தொட்டியின் மூடுகல்லில் இருக்கும் பெரிய துளை நீரோடி. அடிப்பக்கத்தில் தரையை ஒட்டியுள்ள சிறு துளைகள் சேறோடி. ஏரி நிறைந்திருக்கும்போது ஒருவர் நீந்திப்போய், நீரோடியை அடைத்திருக்கும் கல்லைத் தூக்குவார். மேல் துளை வழியே தெளிந்த நீர் இறங்கும். அந்த இழுப்பில் அடியில் படிந்த வண்டலும் சேறோடி வழியே கலந்து, கரைக்கு அடியில் புதைத்த கால்வாயில் ஓடி வயலுக்குப் போகும். ஏரி தூர்ந்துபோவது தாமதமாகும். வயலுக்கு எருவும் கிடைக்கும். கழிவு என்று ஒதுக்க எதுவும் மிஞ்சாத ஏற்பாடு இது.

கலிங்கு வேறு வகை. கரையின் ஓரத்தில், கெட்டியான தரை பார்த்து, கரையைவிடத் தாழ்வாகக் கல்லால் கட்டப்படும். ஏரி நிறைந்தால் நீர் அதன்மேல் தானாக வழியும். ‘ஏரி கோடி போகிறது’ என்று ஊர் சொல்லும். கலிங்கின் உச்சியில் வரிசையாகக் குத்துக்கற்கள் நட்டிருக்கும். மழைக்காலம் முடியும் தறுவாயில் அவற்றின் இடைவெளியில் மண்ணும் தழையும் அடைத்துக் கூடுதலாக ஓரிரு அடி நீரைத் தேக்குவார்கள். திடீரென வெள்ளம் வந்தால் அடைப்பைப் பிய்த்துவிட வேண்டும். சண்டைகள் பெரும்பாலும் இங்குதான் தொடங்கும். அடைத்தால் நீர்ப்பிடிப்பை ஒட்டிய நிலக்காரரின் பயிர் மூழ்கும். அடைக்காவிட்டால் கடைமடைக்காரருக்கு மாசியில் தண்ணீர் போதாது. அடைப்பை எப்போது எடுப்பது என்ற முடிவில் ஒரு நாள் பிசகினால் கரையே போகும்.

கலிங்கைத் தாண்டிய நீர் வீணாவதும் இல்லை. அது ஓடையில் இறங்கி அடுத்த ஊர் ஏரியின் வரத்தாகும். அந்த ஏரியின் உபரி அதற்கும் கீழே உள்ள ஏரிக்குப் போகும். ஒரு ஏரி உடைந்தால் அந்த வெள்ளம் கீழே உள்ள ஏரிகளையும் உடைக்கும். எனவே மேலூர்க்காரரின் கலிங்கு கீழூர்க்காரருக்கும் கவலைதான். பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்று தனி வாரியம் இருந்ததைச் சொல்கின்றன. அதற்கு ஆண்டுதோறும் உறுப்பினர்கள் குடவோலையில் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள்.

இந்த வட்டாரத்தின் பெரிய ஏரி கங்கைகொண்டசோழபுரத்தின் சோழகங்கம்; மக்கள் வழக்கில் பொன்னேரி. தன் படை கங்கை வரை சென்று திரும்பியதும் முதலாம் இராசேந்திரன் அதை நீராலான வெற்றித்தூணாக அமைத்தான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடுகள் கூறுகின்றன. 1855-இல் வெளியான தென்னிந்திய விவரத் தொகுப்பு ஒன்று, வடக்குத் தெற்காக 16 மைல் நீளக் கரை, பல உறுதியான மதகுகள், கொள்ளிடத்திலிருந்து 60 மைலுக்கு மேல் ஓடி வந்து தென்முனையில் சேர்ந்த வாய்க்கால், வெள்ளாற்றிலிருந்து வடமுனைக்கு வந்த சிறிய வாய்க்கால் ஆகியவற்றைப் பதிவுசெய்கிறது. அப்போதே ஏரி பாழாகி, அதன் படுகையில் அடர்ந்த காடு மண்டியிருந்தது. படையெடுத்து வந்தவர்கள் வேண்டுமென்றே அழித்ததாக உள்ளூரில் பேச்சு. அதை நம்புவதற்கு அவசியமில்லை: இத்தனை நீளக் கரையைப் பராமரிக்க ஓர் அரசு இல்லாமல் போனதே போதுமான காரணம். அதே தொகுப்பு இன்னொன்றையும் குறிப்பிடுகிறது. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை எழுந்தபோது, கங்கைகொண்டசோழபுரத்துக் கோயிலின் மதிற்கற்கள் அந்த வேலைக்குப் பெயர்த்து எடுத்துச் செல்லப்பட்டன. சோழர் தலைநகரின் கல் ஆங்கிலேயர் அணைக்குள் போனது.

ஆங்கிலேயர் ஆட்சியில் ஊரார் மராமத்து படிப்படியாகத் தளர்ந்தது. ஏரி வேலைக்கு ஆள் வராததால் 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. 1883-இல் ஏரிச் சீரமைப்புத் திட்டம் தொடங்கியது. பொதுப்பணித் துறை கலிங்கின் உயரத்தை அளந்து குறித்தது. ஆனால் நள்ளிரவு மழையில் அடைப்பைப் பிய்க்க ஆள் அனுப்புவது அலுவலகக் குறிப்பேட்டால் ஆகிற காரியமல்ல.

நீர் போகும் வழியைக் குறைத்து மதிப்பிட்டால் என்ன ஆகும் என்பதை 1956 நவம்பர் 23 காட்டியது. அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையில் மருதையாற்று வெள்ளம் ரயில் பாலத்தைச் சேதப்படுத்தியிருந்தது. அதிகாலையில் வந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால்பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அரசியல் வரலாற்றில் அந்த விலகல்தான் நிலைத்தது. ஆண்டில் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஒரு காட்டாறுதான் அதைச் செய்தது என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

இந்த ஏரிச் சங்கிலியின் சில கண்ணிகள் இன்றும் வேலை செய்கின்றன. புள்ளம்பாடி வாய்க்கால் வழியே மேட்டூர்த் தண்ணீரைப் பெறும் கரைவெட்டி ஏரி, சுமார் 4.5 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பறவைகள் சரணாலயம்; 2024 சனவரியில் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஜெயங்கொண்டம் பக்கத்து மழைநீர் செங்கால் ஓடை, கருவாட்டு ஓடை வழியே கடலூர் மாவட்டத்து வீராணத்தை அடைகிறது. வீராணத்தின் நீர் 2004 முதல் குழாயில் சென்னைக்குப் போகிறது. மிகுந்தால் சேத்தியாத்தோப்பு அருகே வெள்ளாற்றிலும் வெள்ளியங்கால் ஓடையிலும் திறந்துவிடப்படுகிறது. அரியலூர் மேட்டில் பெய்த மழையில் ஒரு பங்கு இப்படித் தலைநகரின் குடிநீர்.

புதிதாகச் சேர்ந்தவை சுண்ணாம்புக்கல் சுரங்கக் குழிகள். சிமென்ட் ஆலைகளுக்காகத் தோண்டிய இந்தப் பள்ளங்களுக்குத் தூம்பும் இல்லை, கலிங்கும் இல்லை. தேங்கும் மழைநீரை மோட்டார் வைத்துத்தான் இறைக்க வேண்டும். இறைத்ததை வண்டல் படியும் தொட்டியில் நிறுத்தித் தெளியவைத்த பிறகே ஓடையில் விட வேண்டும் என்பது சுரங்க அனுமதிகளில் வழக்கமாக இடம்பெறும் நிபந்தனை.  குமிழித்தூம்பில் வண்டலோடு போன நீர் நெல்லுக்கு உரமானது. இந்த நீரிலோ வயல் எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை.