ஒரு டாலர் பெட்டி

1900இல் ஈஸ்ட்மன் கோடக் ஒரு டாலருக்கு விற்ற பிரௌனி கேமரா, தோல்போன்ற உறை போர்த்திய அட்டைப் பெட்டிதான். குவியம் திருத்த வழியில்லை. ஒளி புகும் துளையைக் கூட்டிக் குறைக்கவும் முடியாது. பிள்ளைக்கு முதல் கேமராவாக வாங்கித்தர ஏற்றதாக அதை ஆக்கியவை இந்தக் குறைகளே என்பேன்: தப்பாகத் திருப்ப ஏதுமில்லை, உடைந்தால் பெற்றோர் பதறும் விலையுமில்லை. பிள்ளைகளைக் காட்டி ஃபிலிம் விற்ற தந்திரம் இது என்பார்கள். உண்மைதான். ஆறு படச் சுருள் 15 சென்ட்; பாமர் காக்ஸ் வரைந்த குட்டிப் பூதங்களின் பெயரைச் சூட்டியதும், 1930இல் 12 வயதுப் பிள்ளைகளுக்குச் சுமார் 5 லட்சம் கேமராக்களை இலவசமாக வழங்கியதும் தர்மசிந்தையால் மட்டுமல்ல. ஆனால் வியாபாரியின் கணக்கு பிள்ளையின் கண்ணைக் கட்டிவிடவில்லை. பின்னாளில் பெயர்பெற்ற புகைப்படக் கலைஞரான ஆன்சல் ஆடம்ஸ் 1916இல், 14 வயதில், யோசெமிட்டிப் பள்ளத்தாக்கை முதன்முதலாகப் படமெடுத்தது பெற்றோர் தந்த பிரௌனியில்தான். வாங்கிய எல்லாரும் ஆடம்ஸ் ஆகவில்லை. ஒரு டாலருக்கு அதை யாரும் எதிர்பார்த்திருக்கவும் மாட்டார்கள்.