சாலியாற்றங்கரையில் மனிதர் நட்ட காடு

கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்திலுள்ள நிலம்பூருக்குப் பகற்பொழுது உலாவாக வருவோர், சாலியாற்றைக் கடந்து அக்கரையின் நிழலடர்ந்த பாதைகளில் நடக்கையில், தானே முளைத்த காட்டுக்குள் நுழைந்துவிட்டதாகவே கருதுவர். ஆனால், 'கனோலி பிளாட்' எனப்படும் அப்பகுதியின் முதிய தேக்குகள் 1840-களில் மனிதர் நட்டு வளர்த்தவை. உலகில் இன்று எஞ்சியுள்ள தேக்குத் தோட்டங்களுள் மிகப் பழமையானதாக அது மதிக்கப்படுகிறது.

கப்பல் கட்டும் ஓக் மரம் இங்கிலாந்தில் அருகியபோது, உப்புநீரையும் கறையானையும் தாங்கும் மலபார்த் தேக்கின்மீது கிழக்கிந்தியக் கம்பெனியின் கண் விழுந்தது. 1806-இல் கேப்டன் வாட்சன் காட்டுக் காப்பாளராக அமர்த்தப்பட்டு, மரவணிகம் கம்பெனியின் தனியுரிமையாக்கப்பட்டது. மக்களும் நிலவுடைமையாளரும் எதிர்த்த அம்முறையைச் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1823-இல் நீக்கினார். அதன்பின் தனியார் கட்டின்றி வெட்டியதால் ஆற்றோரக் காடுகள் வெறுமையாயின. வெட்டியதற்கு ஈடாக நடவேண்டும் என்று 1840-இல் வற்புறுத்தியவர், அப்போது சென்னை மாகாணத்தில் அடங்கியிருந்த மலபாரின் கலெக்டர் எச். வி. கனோலி ஆவார். நிலம்பூர்க் கோவிலகத்திடமிருந்து, அதாவது அவ்வட்டாரத்தை ஆண்ட நிலவுடைமைக் குடும்பத்திடமிருந்து, நிலம் குத்தகைக்குப் பெறப்பட்டது.

நிலம் கிடைத்தும் விதை முளைக்கவில்லை. தேக்கின் விதை, எலும்புபோல் இறுகிய ஓட்டுக்குள் அடங்கியிருப்பதால், வெறும் மண்ணில் இட்டால் எளிதில் முளைவிடாது. தொடக்க முயற்சிகள் பொய்த்தபின், துணைக் காப்பாளராக அமர்த்தப்பட்ட சாத்து மேனன், விதையைப் பக்குவப்படுத்தி நாற்றங்காலில் விதைத்து, நாற்றைப் பருவமழையில் பிடுங்கி நடும் முறையை 1844-இல் வெற்றிபெறச் செய்தார். அடுத்த ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடவு அவர் மேற்பார்வையில் நடந்தது. தோட்டத்துக்குக் கலெக்டரின் பெயர் நிலைத்தபோதிலும், அதன் உண்மையான ஆக்கத்தில் பெரும்பங்கு மேனனுக்கே உரியது.

இன்று படகு மட்டும் செல்லும் சாலியாறு அன்று மரத்தின் நெடுஞ்சாலையாக விளங்கியது. பச்சைத் தேக்கு நீரில் மூழ்குமாதலால், அடிமரத்தில் பட்டையை வளையமாக வெட்டி, மரத்தை நின்றபடியே உலரவிட்டு, பின்னரே வீழ்த்துவர். அதன்பின் மூங்கிலோடு பிணைத்துத் தெப்பமாக்கி மழைக்கால வெள்ளத்தில் கீழே செலுத்துவர். மேற்குக் கடற்கரையில் அம்மரத்தை எதிர்நோக்கியவை பேப்பூரின் கப்பல் கட்டுமிடங்களும் கோழிக்கோட்டை அடுத்த கல்லாயியின் மரச்சந்தையுமாகும். 1927-இல் ஷொர்ணூரிலிருந்து வந்த இருப்புப்பாதை அவ்வாற்றுவழியின் தேவையைக் குறைத்தது.

மூலத் தோட்டத்தில் 2.31 ஹெக்டேர் மட்டுமே இன்று வெட்டப்படாமல் காக்கப்படுகிறது. அங்கு நடப்போர் கனோலியின் பெயரோடு சாத்து மேனனின் பெயரையும், மழையில் நின்று அந்நாற்றுகளை நட்ட கூலியாட்களின் உழைப்பையும் நினைத்தல் வேண்டும்.