ஐந்து சென்ட் வேறுபாடு

ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்த அறிஞர்கள், ஒரு பிரதிக்கும் மற்றொரு பிரதிக்கும் இடையே ஓர் எழுத்து மாறியிருப்பினும் அதனைப் பாடபேதம் எனக் குறித்து வைத்தனர். அச்சு இயந்திரம் வந்தபின் அந்தக் கவலை ஒழிந்தது என்றே உலகம் எண்ணியது. ஒரே அச்சில் வார்த்த பிரதிகளுக்குள் வேறுபாடு எங்ஙனம் தோன்றும்? ஆயினும் தோன்றியது. அமெரிக்கச் சித்திரக்கதை இதழ்களில் 1976ஆம் ஆண்டும் 1977ஆம் ஆண்டும் அவ்வாறான பாடபேதம் ஒன்று நேர்ந்தது. கதையில் மாற்றமில்லை; ஓவியத்தில் மாற்றமில்லை; அட்டையிலும் ஓர் எண்ணைத் தவிர வேறு மாற்றமில்லை. மாறியது விலை, அதுவும் ஐந்து சென்ட். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பலர் கண்ணிலும் படாதிருந்த அந்த ஐந்து சென்ட், பின்னர் பல்லாயிரம் டாலர் பெறுமதி உடையதாயிற்று. அது நேர்ந்த விதம் அறியத்தக்கது.

எறியப்பட்ட தாள்

1930களில் பத்துச் சென்ட் விலையில் வெளிவரத் தொடங்கிய அமெரிக்கச் சித்திரக்கதை இதழ்கள், படித்து முடித்ததும் எறிவதற்கென்றே அச்சிடப்பட்டவை. செய்தித்தாளுக்குரிய மட்டமான தாள். நாள்பட நாள்படப் பழுத்து ஒடியும் இயல்பினது. வாங்கிய சிறுவன் படித்து, அடுத்த வீட்டுச் சிறுவனுக்குக் கொடுத்து, அவன் மடித்துக் கால்சட்டைப் பையில் வைத்து, இறுதியில் அது குப்பைக்குச் சென்றது.

காலமும் அவற்றுக்குப் பகையாக இருந்தது. இரண்டாம் உலகப்போரின்போது நாடெங்கும் பழைய தாள் திரட்டும் இயக்கம் நடைபெற்றது. இதழ்கள் மூட்டை மூட்டையாகக் கூழாலைகளுக்குச் சென்றன. போர் முடிந்தபின் நெருப்பு வந்தது. 1948ஆம் ஆண்டு மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் ஸ்பென்சர் நகரிலும், நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்ப்டன் நகரிலும் பள்ளி மாணவர்களே சித்திரக்கதை இதழ்களைக் குவித்துத் தீயிட்டனர். 1954ஆம் ஆண்டு மனநல மருத்துவர் பிரெடரிக் வெர்தாம் இவ்விதழ்கள் சிறாரைக் கெடுக்கின்றன என்று நூலெழுதினார். அதே ஆண்டு செனட் துணைக்குழு விசாரணை நடத்தியது. பதிப்பாளர்கள் தம்மைத்தாமே தணிக்கை செய்துகொள்ளும் விதித்தொகுப்பும் பிறந்தது.

வணிக முறையும் அழிவுக்குத் துணை நின்றது. பத்திரிகைக் கடைகளில் விற்காத பிரதிகளைத் திருப்பியனுப்பிப் பணத்தை ஈடுசெய்துகொள்ளலாம். முழு இதழையும் அனுப்பக் கூலி மிகும் ஆதலால், அட்டையையோ அதன் மேற்பகுதியையோ மட்டும் கிழித்து அனுப்புவது வழக்கமாயிற்று. எஞ்சிய உடற்பகுதி அழிக்கப்பட வேண்டுமென்பது விதி. இவ்வாறு ஒவ்வொரு திங்களும் அச்சிட்டவற்றில் பெரும்பங்கு வாசகனைக் காணாமலே மாண்டது. 1938ஆம் ஆண்டு சூப்பர்மேன் முதன்முதலாகத் தோன்றிய 'ஆக்ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் இரண்டு இலட்சம் பிரதிகள் அச்சிடப்பட்டதாகக் கூறுவர்; இன்று எஞ்சியிருப்பவை ஏறத்தாழ நூறு என்பது பொதுவான மதிப்பீடு.

கையேடும் அதற்கு அப்பாலும்

1960களில், சிறுவயதில் இவ்விதழ்களைப் படித்தவர்கள் வளர்ந்து, இழந்தவற்றைத் தேடத் தொடங்கினர். பழைய புத்தகக் கடைகளின் பின்கட்டு, சந்தைத் திடல், வீட்டைக் காலி செய்வோர் வாசலில் பரப்பிய பொருட்குவியல் ஆகியன அவர்களின் வேட்டைக்களங்கள். அக்காலத்தில் விலைக்கு ஒரு நியதி இல்லை. ஒரு கடையில் ஐந்து சென்டுக்குக் கிடைப்பது மற்றொரு கடையில் ஐந்து டாலர் ஆகலாம். 1970ஆம் ஆண்டு ராபர்ட் ஓவர்ஸ்ட்ரீட் என்பவர் தம் முதல் விலைக் கையேட்டை வெளியிட்டார். இதழ்தோறும், அதன் நிலைக்கேற்ப, விலை குறிக்கப்பட்டது. ஆண்டுதோறும் அது புதுக்கி வெளிவந்தது.

கையேடு வேட்டையின் இயல்பையே மாற்றிவிட்டது. வாங்குபவன் கையில் இருக்கும் நூல் விற்பவன் மேசையிலும் இருந்தது. இனி மலிவு என்பது விற்பவனுடைய அறியாமையால் எளிதில் கிட்டுவதன்று. கையேடு சொல்லாத ஒன்றை அறிந்தவனுக்கே அது கிட்டும். விலை வேறுபாட்டுப் பிரதிகளின் கதை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

சோதனைப் பிரதிகள்

சித்திரக்கதை இதழின் விலை ஏறத்தாழக் கால் நூற்றாண்டு பத்துச் சென்டிலேயே நின்றது. 1960களின் தொடக்கத்தில் பன்னிரண்டு ஆயிற்று. அந்தப் பத்தாண்டு முடியுமுன் பதினைந்து. பிறகு ஏற்றம் விரைந்தது. 1970களின் நடுவில் இருபத்தைந்து சென்டுக்கு வந்து நின்றபோது, மேலும் உயர்த்தினால் சிறுவர்கள் வாங்காது விட்டுவிடுவார்களோ என்ற அச்சம் பதிப்பாளருக்கு எழுந்தது. மார்வெல் நிறுவனம் ஒரு சோதனை செய்தது. அட்டையில் 1976 ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை தேதியிட்ட இதழ்களில், சில பகுதிகளுக்கு அனுப்பிய பிரதிகளில் மட்டும் முப்பது சென்ட் என்று அச்சிட்டது. மற்ற இடங்களுக்கு இருபத்தைந்து. விற்பனை குறையவில்லை போலும். விரைவில் எங்கும் முப்பதாயிற்று. மறு ஆண்டு, ஜூன் முதல் அக்டோபர் வரை தேதியிட்ட இதழ்களில் அதே சோதனை முப்பதுக்கும் முப்பத்தைந்துக்கும் இடையே நடந்தது.

சோதனைப் பிரதிகளை வாங்கியவர்கள் ஐந்து சென்ட் கூடக் கொடுத்ததையன்றி வேறொன்றும் அறியார். தாம் வாங்கிய பிரதி அடுத்த மாநிலத்தில் கிடைப்பதினின்றும் வேறானது என்று நினைக்க அவர்களுக்குக் காரணம் ஏதுமில்லை. 'ஸ்டார் வார்ஸ்' முதல் இதழின் முப்பத்தைந்து சென்ட் பிரதியைச் சிலர் முன்னரே அறிந்திருந்தனர். ஏனைய இதழ்களின் சோதனைப் பிரதிகளோ பொதுக்கவனத்துக்கு வந்தது 1990களின் பிற்பகுதியில், சேகரிப்பாளருக்கான இதழ்களில் அவை பற்றிய கட்டுரைகள் வெளிவந்த பின்னரே. அதுவரை அவை கடைகளின் மலிவுப் பெட்டிகளில், தம் உடன்பிறப்புகளோடு கலந்து, ஒரே விலைக்குக் கிடந்தன.

கட்டுரைகள் வந்ததும் பெட்டிகளைத் துழாவும் கைகள் மிகுந்தன. 'அயர்ன் ஃபிஸ்ட்' பதினான்காம் இதழ், 'எக்ஸ்-மென்' தொண்ணூற்றெட்டு முதல் நூறு வரையிலான இதழ்கள் ஆகியவை தேடப்பட்டன. தேடுபவனுக்கு வேண்டியது நுண்ணிய பார்வை. ஸ்டார் வார்ஸ் முதல் இதழுக்கு முப்பத்தைந்து சென்ட் விலையிட்ட மறுபதிப்புகளும் உண்டு. அவற்றின் அட்டையில் இடப்பக்க மேல்மூலையிலோ உட்புறத்திலோ மறுபதிப்பு என்ற சொல் இருக்கும். அன்றேல் விலையும் இதழெண்ணும் வைர வடிவச் சட்டத்துள் அமைந்து, பார்கோடு இல்லாதிருக்கும். அரும்பிரதியில் பார்கோடு இருக்கும். மறுபதிப்பு என்ற குறிப்பு இராது. இவ்வேறுபாட்டை அறியாதவன் சாதாரணப் பிரதிக்குப் பெரும்பொருள் கொடுத்து ஏமாறுவான். அறிந்தவன் ஒரு டாலர் பெட்டியிலிருந்து பெருஞ்செல்வத்தை எடுத்துச் செல்வான்.

எடுத்துச் செல்வது அறமா என்ற வினாவும் உடன் எழுந்தது. கடைக்காரர் தொழில் செய்பவர். தம் சரக்கை அறிவது அவர் கடமை என்பது ஒரு சாரார் வாதம். ஆனால் இறந்த கணவரின் பெட்டியைத் திறந்து வைத்து விலை கேட்கும் மூதாட்டிக்கும் அதே விதி பொருந்துமா? சேகரிப்பாளரிடையே இவ்வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

செய்து வைத்த அருமை

தற்செயலாய் விளைந்த அருமையைப் பதிப்பாளர்களும் கவனித்தனர். தாமே அதனை உண்டாக்கினால் என்ன என்ற எண்ணம் பிறந்தது. 1986ஆம் ஆண்டு 'தி மேன் ஆஃப் ஸ்டீல்' முதல் இதழ் இருவேறு அட்டைகளோடு வந்தது. 1991ஆம் ஆண்டு 'எக்ஸ்-மென்' புதிய முதல் இதழ் ஐந்து அட்டைகளோடு வந்து, எண்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் கடைகளுக்குச் சென்றன. 1992 நவம்பரில் சூப்பர்மேன் இறக்கும் இதழ், கறுப்புப் பையில் இட்டு, துக்கத்துக்குரிய கைப்பட்டையோடு விற்கப்பட்டது. பிற்காலச் செல்வமென்று கருதி ஒருவரே ஐந்து பத்துப் பிரதிகள் வாங்கிப் பிரிக்காமல் அடுக்கி வைத்தனர்.

எல்லாரும் காத்து வைத்ததால் எதுவும் அரிதாகவில்லை. 1993க்குப் பின் சந்தை சரிந்தது. ஆயிரக்கணக்கான கடைகள் மூடப்பட்டன. 1996 டிசம்பரில் மார்வெல் நிறுவனமே திவால் பாதுகாப்பு கோரியது. அன்று பொன்னெனப் போற்றிய இதழ்கள் மலிவுப் பெட்டிகளுக்கு வந்து சேர்ந்தன. இருபது ஆண்டுகளுக்கு முன் எவரும் போற்றாத ஐந்து சென்ட் வேறுபாடு அதே பெட்டிகளிலிருந்து வெளியேறிக்கொண்டிருந்த காலமும் அதுவே.

ஆக்கியோர் பெற்றது

இவ்வரலாற்றில் இதழ்களை ஆக்கியவர்களின் பங்கு யாது? ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் 1938ஆம் ஆண்டு சூப்பர்மேனின் உரிமையை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தனர். பின்னர் நீண்ட வழக்காடலும் வறுமையும் அவர்கள் வாழ்வாயின. 1975ஆம் ஆண்டு, சக கலைஞர்களின் கிளர்ச்சிக்குப் பிறகே, ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 20,000 டாலர் ஓய்வூதியமும் படைப்பாளர் என்ற பெயர்க்குறிப்பும் கிடைத்தன. அவர்கள் கதை வெளிவந்த இதழின் ஒரு பிரதி 2010ஆம் ஆண்டு பத்து இலட்சம் டாலருக்கும், மற்றொரு பிரதி 2014ஆம் ஆண்டு 32 இலட்சம் டாலருக்கும் விலைபோனது. அந்த 130 டாலரையும் உள்ளடக்கி அவர்களுக்கு அளித்த பழைய காசோலை கூட, 2012ஆம் ஆண்டு ஏலத்தில் 1,60,000 டாலர் பெற்றது. கொடுத்த தொகையைவிடக் கொடுத்த தாளுக்கு மதிப்பு மிகுந்தது.

இன்னொரு மாற்றமும் குறிப்பிடத்தக்கது. 2000ஆம் ஆண்டு முதல், இதழின் நிலையை மதிப்பிட்டு எண் வழங்கி, கெட்டியான பிளாஸ்டிக் உறையில் இட்டு மூடித்தரும் நிறுவனங்கள் தோன்றின. ஏமாற்று குறைந்தது, நம்பிக்கை மிகுந்தது. ஆனால் உறையை உடைத்தால் சான்று போய்விடும். ஆதலின் உள்ளே இருக்கும் கதையை எவரும் படிப்பதில்லை. பத்துச் சென்ட் கொடுத்த சிறுவனுக்குக் கிடைத்தது, இலட்சங்கள் கொடுத்தவருக்குக் கிடைப்பதில்லை.

1977ஆம் ஆண்டு, கொலராடோவின் டென்வர் நகரில், எட்கர் சர்ச் என்னும் விளம்பர ஓவியரின் வீட்டில் பதினெட்டாயிரத்துக்கு மேற்பட்ட பழைய இதழ்கள் புத்தம்புதியன போல் அடுக்கப்பட்டிருந்தது வெளிப்பட்டது. இன்றுவரை கிடைத்த திரட்டுகளுள் தலைசிறந்ததாக அது கருதப்படுகிறது. விலையேறும் என்று அவர் அவற்றைச் சேர்க்கவில்லை. அக்காலத்தில் அதற்கு விலையே இல்லை. தம் தொழிலுக்கு உதவும் ஓவியங்கள் என்றே வாங்கினார், விருப்பத்தோடு பார்த்தார், ஒழுங்காக அடுக்கினார். நெருப்புக்கும் கூழாலைக்கும் தப்பிய தாள்கள் பல, இவ்வாறு பயன்கருதிய ஒருவருடைய பழக்கத்தால் தப்பியவையே. சிறுவெளியீடுகளின் வரலாற்றை எழுதப் புகுவோர், அச்சிட்டோரோடு அடுக்கி வைத்தோரையும் நினைவில் கொள்வது தகும்.