வேட்டையும் காவலும்: கோடிக்காட்டுச் சான்றுகள் சில

நீலகிரி வேட்டை விலங்குச் சங்கத்தின் அறுபதாண்டு வரலாற்றை ஃபைத்தியன்-ஆடம்ஸ் 1939இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் எழுதினார். கட்டற்ற வேட்டையால் மலையில் விலங்குகள் அருகிப் போயின. வேட்டைப் பிரியர்களே கூடிச் சங்கம் அமைத்து, சட்டம் கேட்டு வாங்கி, பருவம் வகுத்து, உரிமம் வழங்கி அவற்றை மீட்டார்கள் என்பது அக்கட்டுரையின் சாரம். வரையாட்டைப் பற்றி எழுதப் புகுவோர் பலர் இன்றும் இதையே முன்னுரையாக வைக்கிறார்கள். காத்தவர் யார், அழித்தவர் யார் என்பது இக்கதையில் தொடக்கத்திலேயே முடிவாகிவிடுகிறது. அந்த முடிவை வேதாரண்யத்துக்குத் தெற்கே கோடிக்காட்டில் வைத்து உரசிப் பார்ப்பதே என் நோக்கம்.

முதலில் ஆண்டு. சங்கம் தன் தோற்றத்தை 1877 என்று சொல்லிக்கொள்கிறது. ஆடம்ஸோ 1879இலிருந்து கணக்கைத் தொடங்குகிறார். அது நீலகிரி விலங்கு, மீன் காப்புச் சட்டம் வந்த ஆண்டு. இவ்விரண்டில் ஒன்றைத் தள்ள என்னிடம் போதிய காரணம் இல்லை. ஆனால் சட்டம் பிறந்த ஆண்டையே காவல் பிறந்த ஆண்டாகக் கொள்ளும் மனப்போக்கு கவனிக்கத்தக்கது.

அச்சட்டம் எவற்றைக் காத்தது? அதன் பட்டியலில் காட்டெருது, கடமான், ‘ஐபெக்ஸ்’, ‘காட்டுச் செம்மறி’, எல்லா வகை மான்கள், முயல், காட்டுக்கோழி, மயில், கௌதாரி, காடை முதலியன வருகின்றன. தென்னிந்திய மலைகளில் ஐபெக்ஸ் என்றும் இருந்ததில்லை. துரைமார் அப்பெயரால் அழைத்தது வரையாட்டை. காட்டுச் செம்மறி என்றது கேளையாட்டை. அது ஆடே அன்று, மான் இனம். ஆக, உண்மையான ஆட்டுக்கு வேற்று நாட்டு ஆட்டின் பெயர், மானுக்குச் செம்மறியின் பெயர். பெயர்க் குழப்பம் இருக்கட்டும். புலி, சிறுத்தை, செந்நாய் இப்பட்டியலில் இல்லை என்பதே முக்கியம். செந்நாயைக் கொன்றவருக்குச் சங்கமே வெகுமதி கொடுத்தது. காட்டில் வாழ்வன எவை என்ற கணக்கன்று இது. சுடுவதற்கு மிச்சம் வைக்க வேண்டியவை எவை என்ற கணக்கு.

வரையாட்டு வேட்டையின் முறையும் ஆடம்ஸின் வாதத்தைத் தளர்த்துகிறது. மந்தை மேயும்போது ஓரிரு பெட்டைகள் தலை தூக்கிக் காவல் பார்க்கும். ஆபத்து கீழிருந்தே வரும் என்பது அவற்றின் எதிர்பார்ப்பு. அதனால் வேட்டைக்காரர் விடியுமுன் முகட்டில் ஏறித் தொலைநோக்கியால் சரிவுகளைத் துழாவி, காற்றின் திசை பார்த்து மேலிருந்து இறங்கினார்கள். முதுகில் வெள்ளி படர்ந்த கிழக்கடாதான் அவர்கள் நாடிய பரிசு. மூடுபனி இறங்கினால் அன்றைய வேட்டை முடிந்தது. குந்தாவிலிருந்து முக்குருத்தி வரை செல்லும் மேற்கு விளிம்பின் செங்குத்துப் பாறைகளில் குண்டடி பட்ட ஆட்டை எடுப்பதும் எளிதன்று. இ.ஆர்.சி. டேவிதார் 1963இல் வெளியிட்ட கணக்கில் நீலகிரியில் ஏறத்தாழ 400 வரையாடுகள். அவை பெரும்பாலும் இந்த விளிம்பில்தான் இருந்தன. விதி காத்ததா, பாறை காத்ததா என்று கேட்டால் பாறைக்குப் பாதிப் பங்காவது உண்டு என்பேன்.

இனிக் கோடிக்காடு. கிழக்கிலும் தெற்கிலும் கடல், மேற்கே உப்புச் சதுப்பு. நடுவே மணல்மேடும் பாலை மரக்காடும் புல்வெளியும். இங்கே வாழும் வெளிமானுக்குத் தனிச் சட்டமும் இல்லை, சங்கமும் இல்லை. 1879ஆம் ஆண்டுச் சட்டம் நீலகிரி எல்லையைத் தாண்டவில்லை. இக்காட்டு வேட்டையைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சாட்சி சுந்தரர்.

ஏழாம் திருமுறையில் கோடிக்குழகர் பதிகத்தை வேட்டை வரலாற்றுக்காக எவரும் படிப்பதில்லை, படிக்க வேண்டும். கடற்காற்று அறையும் கரையில் துணையின்றி நிற்கிறாயே என்று இறைவனைக் கேட்டுக்கொண்டே போகும் சுந்தரர், ஒரு பாட்டில் காட்டைக் காட்டுகிறார். காடு மிகப் பெரிது, உமை அஞ்சும்படி மரப்பொந்துகளில் ஆந்தையும் கூகையும் குழறுகின்றன, அங்கே திரியும் வேடர் மிகத் தீயவர், வஞ்சகர். இந்த இடத்திலா கோயில் கொண்டாய் என்கிறார். வேடரைச் சுட்டும் சொல்லோடு ‘தொண்டர்’ என்ற சொல்லும் அங்கே ஒட்டி நிற்கிறது. அதை இகழ்ச்சி என்று கொள்ளலாம். ஆனால் அதே பதிகத்தில் இறைவன் காடுகாளோடு உடனுறைகிறான் என்றும் வருகிறது. காடுகாள், அதாவது காடுகிழாள், வேட்டுவர் வழிபடும் கொற்றவை. கலைமானை ஊர்தியாகக் கொண்டவள். டெல்டாவின் முற்சோழர் கோயிலான புள்ளமங்கையில் துர்க்கையின் அருகே சிங்கத்தோடு மானும் நிற்பதைக் காணலாம். தெய்வம் அங்கே இருந்தது, அத்தெய்வத்துக்குரிய மக்களும் அங்கே இருந்தார்கள். ஆகவே ‘தொண்டர்’ என்பதில் உண்மையான கோயில் தொடர்பு ஒன்று உறைந்திருக்கிறது என்பது என் துணிபு. சான்று ஒரே ஒரு பாட்டு, அதை மறைக்கவில்லை.

இதைச் சேக்கிழாரோடு ஒப்பிட்டால் வியப்பு கூடுகிறது. சேரமான் பெருமாளோடு மறைக்காடு வந்த சுந்தரர் கோடிக்குழகரைத் தொழுததைப் பெரியபுராணம் சொல்கிறது. கோயிலின் அயலெங்கும் நாடியும் காணாது உள்ளே புகுந்தார் என்கிறார் சேக்கிழார். குடிகளைக் காணவில்லை என்று பொருள் கொள்வதே வழக்கம். காடுகாளைப் பதிகத்தில் வைத்துப் பாடியதைக்கூட அவர் மறவாமல் குறிப்பிடுகிறார். வேடர் மட்டும் விடுபட்டுப் போனார்கள். சுந்தரர் கண்ட தீயவர் சேக்கிழாரிடம் ஆளற்ற வெளியாகிவிட்டார்கள்.

இடைப்பட்ட காலம் எவ்வளவு? சேக்கிழார் இரண்டாம் குலோத்துங்கன் காலத்தவர், 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. சுந்தரர் பாடும் கழற்சிங்கனை இராசசிம்ம பல்லவன் என்று கொண்டால் அவர் காலம் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கம். மூன்றாம் நந்திவர்மன் என்று கொண்டால் 9ஆம் நூற்றாண்டின் நடு. முந்நூறு ஆண்டா, நானூறுக்கும் மேலா என்பது அதைப் பொறுத்தது. அதற்குள் வேடர் மெய்யாகவே அகன்றார்களா, புராணத்தின் தேவைக்காக அகற்றப்பட்டார்களா? இரண்டாவதையே நான் ஐயுறுகிறேன். துணையற்ற இறைவனைக் கண்டு நெஞ்சுருகும் காட்சிக்கு ஆளற்ற காடு பொருந்தும். காட்டில் ஆள் இருந்தால் உருக்கம் குறையும்.

அந்த வேடர் எப்படி வேட்டையாடினார்கள்? கோடிக்காட்டுக்கென்று நேர்ச்சான்று இல்லை. புறநானூறு 320ஆம் பாட்டு வேறு நிலத்தது என்றாலும் முறையைக் காட்டுகிறது: வேடன் வீட்டு முன்றிலில் பழக்கி வைத்த பார்வை மான், அதை நாடி வரும் காட்டுக் கலை. பெரும்பாணாற்றுப்படையிலும் எயினர் குடிசை முன் பார்வை மான் கட்டிக் கிடக்கிறது. இம்முறையில் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு விலங்குக்கு மேல் சிக்காது. துப்பாக்கி வந்த பிறகே கணக்கு மாறியது.

1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் ஒதுக்குக் காடுகளில் விதிக்குப் புறம்பாக வேட்டையாடுவதையும் கண்ணி வைப்பதையும் குற்றமாக்கியது. 1912இல் வந்த காட்டுப் பறவை, விலங்குக் காப்புச் சட்டம் மான், இரலை, ஆடு எல்லாவற்றுக்கும் விலக்குப் பருவம் குறிக்க இடம் தந்தது. பயிரைக் காக்கக் கொன்றால் குற்றமில்லை என்றும் சொன்னது. நெல் விளையும் நாட்டில் இந்த விலக்கு எவ்வளவு பெரிய ஓட்டை என்று விளக்க வேண்டியதில்லை.

ஆடம்ஸின் பக்கம் நிற்பவர் இங்கே ஒரு வலுவான தடை எழுப்பலாம்: சமவெளியெங்கும் வெளிமான் அழிந்ததே, சங்கம் இல்லாததால்தானே? நியாயமான கேள்வி. ஆனால் அப்படியானால் கோடிக்காட்டிலும் அழிந்திருக்க வேண்டும். அழியவில்லை. மற்ற இடங்களில் புல்வெளி உழவாயிற்று. இங்கே உப்பும் மணலும் ஏரை உள்ளே விடவில்லை. நீலகிரியில் பாறை செய்ததைக் கோடியில் சதுப்பு செய்தது. வேடரை அழிப்பவராகவும் உரிமம் வாங்கியவரைக் காவலராகவும் நிறுத்தும் சட்டகம் இந்த இரண்டு நிலங்களிலும் சரிவரவில்லை.

1967இல் கோடிக்காட்டின் 17.26 சதுர கிலோமீட்டர் சரணாலயமாயிற்று. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வெளிமானையும் வரையாட்டையும் முதல் அட்டவணையில் ஒருங்கே வைத்தது. இன்று அங்கே வெளிமானுக்குத் துப்பாக்கியைவிடப் பெரிய பகை, புல்வெளியை விழுங்கும் சீமைக் கருவேலமும் போட்டிக்கு மேயும் கால்நடையும்தான்.

1882க்கும் 1967க்கும் இடைப்பட்ட எண்பத்தைந்து ஆண்டுகளே இவ்வாய்வில் இருண்டு கிடக்கின்றன. வேதாரண்யம், கோடியக்காடு, கோடியக்கரை ஊர்களில் அக்காலத்துத் துப்பாக்கி உரிமமோ, வனத்துறை அனுமதிச் சீட்டோ, கோயில் கணக்கோ வீட்டுப் பெட்டியில் வைத்திருப்பவர்கள் அவற்றைப் பழைய தாள் வாங்குபவரிடம் போட்டுவிட வேண்டாம். படியெடுத்துத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்காவது சேர்ப்பியுங்கள்.