திறந்த கல்வி வளங்களும் கற்பிக்கும் சுதந்திரமும்

யாரும் காசின்றிப் படிக்கவும், படியெடுக்கவும், தம் வகுப்புக்கு ஏற்றபடி திருத்தவும், பிறருக்கு வழங்கவும் உரிமை தந்து வெளியிடப்படும் பாடநூல், விரிவுரை, காணொளி போன்றவை திறந்த கல்வி வளங்கள் எனப்படும். 2001இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தன் பாடங்களை இணையத்தில் இலவசமாக வைக்கப்போவதாக அறிவித்தது. மறு ஆண்டு ஜூலையில் யுனெஸ்கோ பாரிசில் கூட்டிய கருத்தரங்கில் இந்தப் பெயர் நிலைபெற்றது. எதை, எந்த நூலைக் கொண்டு, எப்படி நடத்துவது என்பதைக் கல்லூரி ஆசிரியர் தம் புலமையின் பேரில் தீர்மானிப்பது கற்பிக்கும் சுதந்திரம். இரண்டையும் தனித்தனியாகப் பேசுவதே வழக்கம். ஆனால் இந்தியாவில் இவற்றின் வரலாறு பிரிக்க முடியாதபடி பின்னிக்கிடக்கிறது.

புதுச்சேரியில் இதன் முன்கதை இணையத்துக்கு வெகுகாலம் முந்தையது. இன்று ரோமன் ரோலண்ட் பெயரைத் தாங்கும் பொது நூலகம் 1827இல் பிரெஞ்சு ஆட்சியில் தொடங்கியபோது ஐரோப்பியருக்கு மட்டுமே உரியதாக இருந்தது. ஏறக்குறையப் பத்தாண்டுகள் கழித்தே எல்லோருக்கும் கதவு திறந்தது. 1908 முதல் 1918 வரை இவ்வூரில் வாழ்ந்த பாரதியின் எழுத்துகளுக்கும் இப்படியொரு வரலாறு உண்டு. தனியாரிடம் இருந்த அவர் படைப்புகளின் உரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு பெற்றது. 1955இல் அவை பொதுவுடைமையாயின. அன்றிலிருந்து எந்தப் பதிப்பாளரும் பாரதியை மலிவாக அச்சிடலாம், எந்த ஆசிரியரும் தயங்காமல் படியெடுத்து வகுப்பில் கொடுக்கலாம் என்றாயிற்று. பின்னர் நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமையாக்கியது. உரிமையாளருக்கோ வாரிசுகளுக்கோ தொகை கொடுத்து நூலை மக்களுக்கு விடும் இந்த முறையைத் திறந்த உரிமங்களின் முன்னோடியாகவே கருத வேண்டும்.

இணையத்திலும் தமிழர்கள் முந்திக்கொண்டனர். எம்.ஐ.டி.யின் அறிவிப்புக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1998 பொங்கல் நாளில், மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ஜுனனும் அதை முன்னின்று நடத்தினர். இணையத்தில் இலவசமாகத் தருவதற்காகப் பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சு செய்தார்கள், மெய்ப்புப் பார்த்தார்கள். யாரும் கூலி வாங்கவில்லை. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமும் 2005இல் ஈழத்து நூல்களுக்கான நூலகம் திட்டமும் வந்தன. பொறியியலிலும் அறிவியலிலும் விரிவுரைகளை இணையத்தில் இலவசமாகத் தரும் பணியைச் செய்தது என்.பி.டி.இ.எல். ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் 2003இல் தொடங்கிய இத்திட்டத்தின் ஒருங்கிணைப்பு சென்னை ஐ.ஐ.டி.யிடம் உள்ளது. 2012இல் அதன் பாடங்கள் படைப்பாக்கப் பொதும (Creative Commons) உரிமத்தின்கீழ் வந்தன.

புதிய நூல்கள் பலவும் பதிப்புரிமைக்கு உட்பட்டவை. மாணவர் வாங்க முடியாத விலையில் இருப்பவை. அவற்றை என்ன செய்வது என்ற கேள்வி தில்லியில் நீதிமன்றம் ஏறியது. தில்லி பொருளியல் பள்ளி வளாகத்தில் பல்கலைக்கழக உரிமத்தோடு நடந்துவந்த ராமேஷ்வரி செராக்ஸ் கடையின் மீது 2012 ஆகஸ்டில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் பதிப்பகங்கள் வழக்குத் தொடுத்தன. ஆசிரியர்கள் பாடத்திட்டத்துக்கென்று பரிந்துரைத்த நூல்களிலிருந்து இங்கே ஓர் அத்தியாயம், அங்கே ஒரு கட்டுரை என்று படியெடுத்துக் கட்டிய தொகுப்புகள்தாம் வழக்குக்குக் காரணம். ஒரு பருவத்துக்கு வேண்டிய வாசிப்பு முழுவதும் ஒரே கட்டாகக் கைக்கு வரும். ஒரு பக்கத்துக்கு 40 பைசா. வெட்டி ஒட்டியது கடைக்காரரின் இயந்திரம் என்றாலும், எதை எதன் அருகில் வைத்துப் படிக்க வேண்டும் என்று முடிவு செய்தது ஆசிரியரின் அறிவு. ஆகவே வழக்கு செராக்ஸ் கடையை மட்டுமல்ல, பாடம் வகுக்கும் உரிமையையும் தொட்டது. மாணவர்களும் ஆசிரியர்களும் சங்கம் அமைத்துத் தம்மையும் வழக்கில் சேர்த்துக்கொண்டார்கள். வழக்கில் குறிப்பிடப்பட்ட நூல்களின் ஆசிரியர்கள் பலர் உட்பட 300க்கும் மேற்பட்ட அறிஞர்கள் வழக்கைத் திரும்பப் பெறுமாறு பதிப்பகங்களுக்குக் கடிதம் எழுதினார்கள்.

2016 செப்டம்பர் 16 அன்று நீதிபதி ராஜீவ் சகாய் எண்ட்லா தீர்ப்பளித்தார். கற்பித்தலின் பொருட்டு ஆசிரியரோ மாணவரோ படியெடுப்பதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அந்த அனுமதி வகுப்பறையின் நான்கு சுவரோடு நின்றுவிடுவதில்லை என்றார். மாணவர்கள் நூலகத்தில் உட்கார்ந்து கையால் எழுதியெடுத்த காலத்தை நினைவுகூர்ந்து, இயந்திரம் வந்ததால் மட்டும் அது குற்றமாகிவிடாது என்றார். அதே ஆண்டு டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு, கற்பித்தலுக்கு எவ்வளவு தேவையோ அதுவே அளவு என்ற நிலையை ஏற்றாலும், இத்தொகுப்புகள் அந்த அளவுக்குள் அடங்குமா என்பதை விசாரிக்கச் சொல்லி வழக்கைத் திருப்பி அனுப்பியது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் விலகிக்கொண்டன. இந்திய உயர்கல்விக்கு இதைவிடப் பயனுள்ள தீர்ப்பு அண்மைக் காலத்தில் வந்ததாகச் சொல்வது கடினம்.

அதே பல்கலைக்கழகத்தில் வழக்குக்கு முந்தைய ஆண்டு நடந்ததைச் சேர்த்துப் பார்த்தால்தான் படம் முழுமையாகும். சங்கப் பாடல்களை ஆங்கில வாசகரிடம் கொண்டுசேர்த்த ஏ.கே. ராமானுஜன் எழுதிய ‘முந்நூறு இராமாயணங்கள்’ கட்டுரை இளநிலை வரலாற்றுப் பாடத்தில் இருந்தது. 2008இல் எதிர்ப்பாளர்கள் வரலாற்றுத் துறைக்குள் புகுந்து தாக்கினர். உச்ச நீதிமன்றம் சொன்னபடி அமைந்த வல்லுநர் குழுவின் நால்வரில் மூவர் கட்டுரையில் பிழை காணவில்லை. இருந்தும் 2011 அக்டோபரில் கல்விக்குழு அதை நீக்கியது. கட்டுரையை வெளியிட்ட ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகமோ 2008இலேயே வருத்தம் தெரிவித்து ஒதுங்கியிருந்தது. உலகெங்கும் கண்டனம் எழுந்த பிறகுதான், 2011 டிசம்பரில், மறுபதிப்புக்கு இசைந்தது. ஆசிரியரின் தேர்வுக்காக நிற்காத பதிப்பகம், சில மாதங்களில் படியெடுத்தலைத் தடுக்க நீதிமன்றம் போனது என்பதை வருத்தத்தோடு பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டிலும் இத்தகைய நீக்கம் நடந்தது. திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் முதுகலை ஆங்கிலத்தில் 2017இல் சேர்த்த அருந்ததி ராயின் மாவோயிஸ்டுகள் பற்றிய நூலை, மாணவர் அமைப்பு ஒன்றின் புகாரை அடுத்து 2020 நவம்பரில் நீக்கியது. அதற்குப் பதிலாக இயற்கையாளர் மா. கிருஷ்ணனின் கட்டுரைகள் வந்தன. கிருஷ்ணனும் படிக்கப்பட வேண்டியவர்தான். ஆனால் இன்னொருவரை வெளியேற்றி அவரை உள்ளே அழைத்தது அவருக்கும் பெருமையில்லை. அந்நூலுக்கு அடிப்படையான ராயின் கட்டுரை 2010இலேயே அவுட்லுக் வார இதழில் வந்தது. இணையத்தில் யாரும் படிக்கலாம். படிக்கக் கிடைப்பதும் வகுப்பில் விவாதிக்கக் கிடைப்பதும் வெவ்வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கல்லூரி அளவில் பாடம் வகுக்கும் உரிமை கோத்தாரிக் குழு 1966இல் பரிந்துரைத்த தன்னாட்சியில் கிடைத்தது. 1978இல் லயோலா, சென்னை கிறித்தவக் கல்லூரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி ஆகியவை அதைப் பெற்ற முதல் வரிசையில் இருந்தன. இணைவு பெற்ற கல்லூரிகளின் நிலை வேறு. உழவர்கரை நகராட்சியைச் சேர்ந்த ரெட்டியார்பாளையத்திலிருந்து பேருந்தேறிக் கல்லூரிக்குப் போகும் மாணவி, மதுரைத் திட்டத்தின் சிலப்பதிகாரத்தைக் கைபேசியில் ஒரு நொடியில் திறந்துவிடலாம். அவள் படிப்பது புதுவைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி என்றால், அதில் எந்தக் காதை பாடம் என்பதைக் காலாப்பட்டில் உள்ள பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழு முடிவு செய்கிறது. பொதுத் தேர்வு இருப்பதால் அதற்கு வெளியே போக ஆசிரியருக்கு அதிக இடமில்லை.

பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் ஒரு படிப்பில் ஒரு பருவத்துக்குரிய பாடங்களில் 20 சதவீதம் வரை, மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயத்தின் பாடங்களாக இருக்கலாம் என்றது; 2021இல் அதை 40 சதவீதமாக உயர்த்தியது. எந்தப் பாடங்களை ஏற்பது என்பதை நிறுவனத்தின் கல்விக்குழு முடிவு செய்கிறது. பதிவான விரிவுரையிலிருந்து வேண்டியதை எடுத்துத் தமிழில் விளக்கித் தம் பாடத்தோடு இணைக்கும் வாய்ப்பை வகுப்பாசிரியருக்குக் கொடுப்பதே இந்த வளங்களின் நோக்கம். அவருடைய இடத்தில் பதிவை வைத்துப் பணியிடத்தைக் காலியாக விடுவதற்கு அது வழியாகக் கூடாது. 2019 நவம்பரில் யுனெஸ்கோ ஏற்ற பரிந்துரையும், வளங்களை உருவாக்கவும் திருத்தவும் ஆசிரியர்களின் திறனை வளர்ப்பதை அரசுகள் செய்ய வேண்டியவற்றுள் முதலாவதாகப் பட்டியலிடுகிறது.