களைக்கும் உலோகமும் களைக்காத இதயமும்



ரப்பர் மரத்தில் மங்கைத் தாங்கும் கம்பியை நாம் அறிவோம். ஒரே இழுப்பில் அதை அறுக்க நம்மால் ஆகாது. ஆனால், ஓரிடத்தில் மடக்கி நிமிர்த்தி, மறுபடியும் மடக்கி நிமிர்த்தினால் சிறிது நேரத்தில் முறிந்துவிடும். இதைத்தான் உலோகக் களைப்பு என்கிறோம்.

இந்தப் பாடத்தை உலகம் இரயில் பாதையில் கற்றது. 1842ஆம் ஆண்டு மே 8ஆம் நாள், வெர்சேல்ஸிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய இரயிலின் இயந்திர அச்சு ஓடும்போதே முறிந்தது. 50க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பின்னர் பிரஷ்யப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர், அச்சுகளைப் பாரமேற்றிச் சுழலவிட்டு, எத்தனை சுற்றில் முறிகின்றன என்று ஆண்டுக்கணக்கில் எண்ணினார். ஒரு முறை தாங்கக்கூடிய பாரமே, பல இலட்சம் முறை திரும்பத் திரும்ப வந்தால் எஃகையும் முறிக்கும் என்று காட்டினார்.

இனி, இதயத்துக்கு வருவோம். அது நிமிடத்துக்கு 70 முறை துடித்தால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 இலட்சம் துடிப்பு. ஆண்டுக்கு 3 கோடியே 60 இலட்சத்துக்கும் மேல். பழுதான இதய வால்வுக்குப் பதிலாகப் பொருத்தும் செயற்கை வால்வு, ஒவ்வொரு துடிப்பிலும் திறந்து மூட வேண்டும். அதற்கு ஓய்வு நாள் கிடையாது.

சுவீடன் நாட்டு அறுவை மருத்துவர் பியோர்க், அமெரிக்கப் பொறியாளர் ஷைலி ஆகிய இருவர் பெயரால் ஒரு வால்வு வழங்கியது. அதன் புதிய வடிவம் ஒன்று 1979இல் வந்தது. இரத்தம் தடையின்றி ஓட வேண்டும், உறையக்கூடாது என்பதே நோக்கம். வட்டைத் தாங்கும் சிறு கம்பி வளைவு ஒன்று, வளையத்தோடு பற்றவைக்கப்பட்டிருந்தது. சில வால்வுகளில், மூடும் கணத்தில் வட்டு அக்கம்பியின் நுனியில் மோதியதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. மோதி மோதிக் களைத்த கம்பி முறிந்தது, வட்டு நழுவியது.

1986இல் அந்த வால்வு நிறுத்தப்பட்டது. அதற்குள் சுமார் 86,000 வால்வுகள் பொருத்தப்பட்டிருந்தன. 600க்கும் மேற்பட்டவை முறிந்தன. முறிந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் இறந்தனர். மற்றவர்கள் நிலையை எண்ணிப் பாருங்கள். வால்வை மாற்ற மீண்டும் நெஞ்சைத் திறப்பதும் ஆபத்து. அப்படியே விடுவதும் ஆபத்து.

இன்று உலகத் தர விதிப்படி, உலோக, கரிம வால்வுகள் சோதனை இயந்திரத்தில் 40 கோடி முறை திறந்து மூட வேண்டும். அது பத்தாண்டுத் துடிப்புக்கு ஈடு. எனினும், எண்ணிக்கை மட்டும் போதாது. உடலுக்குள் விழும் அடி எதுவோ, அதே அடி சோதனையிலும் விழ வேண்டும். எண்ணும் வேலையை நோயாளியின் நெஞ்சுக்கு விட்டுவிடாமல், முன்கூட்டியே நாம் எண்ணி முடிப்பதுதான் களைப்புச் சோதனையின் அறம்.