ஓரத்தில் உள்ள முத்திரை

ஜப்பானிய மரப்பலகை அச்சுப்படத்தை எவ்வாறு மதிப்பிடுவது? அதன் வரலாறே நமக்கு வழிகாட்டும்.

ஓவியர் வரைவார்; செதுக்குபவர் பலகையில் வெட்டுவார்; அச்சிடுபவர் நிறத்துக்கொரு பலகையாகத் தாளில் ஒற்றுவார்; பதிப்பாளர் விற்பார். இதுவே பழைய முறை. 1923 செப்டம்பர் 1ஆம் நாள் தோக்கியோவை நிலநடுக்கமும் தீயும் அழித்தன. பதிப்பாளர் வத்தனாபேயிடமிருந்த பலகைகள் எரிந்தன. ஓவியர் யோஷிதா ஹிரோஷியின் பலகைகளும் அவற்றுள் அடங்கும். ஆகவே அவருடைய முந்திய படங்கள் அரியவை ஆயின.

1925 முதல் யோஷிதா சொந்தப் பட்டறை நடத்தினார். தாமே மேற்பார்வையிட்டு அச்சிட்ட படங்களின் ஓரத்தில் 'ஜிஸூரி' என்னும் முத்திரையிட்டார். 'தானே அச்சிட்டது' என்பது அதன் பொருள். 1931இல் சிங்கப்பூர்க் காட்சியொன்றையும் அவர் அச்சாக்கினார். 1950இல் அவர் மறைந்த பின்னரும் அதே பலகைகளிலிருந்து படங்கள் அச்சாயின. அவற்றில் அம்முத்திரை இல்லை. பலகை ஒன்றே; விலையோ வேறு.

எனவே முதலில் ஓரத்தைப் பார்ப்போம். பிறகு நிறம் மங்கியிருக்கிறதா என்று பார்ப்போம். அழகுக்காக ஓரத்தை வெட்டிச் சட்டம் போட்டுவிட்டால், சாட்சியே போய்விடும்.

ஆயினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. முத்திரை ஓவியருக்கு உரியது. அழகிலோ, செதுக்கிய கைக்கும் ஒற்றிய கைக்கும் பங்குண்டு.